வெள்ளகோயிலுக்கு அப்பால் ஓநாய்க்கு ஒரு சாட்சி

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசிக் கடைசியில், என் அறுபத்தொன்பதாவது வயதில், ஓநாய் பார்ப்பதற்காகக் கோவையிலிருந்து வெள்ளகோயில் பக்கம் போய்வந்தேன். போக ஒரு நாள், வர ஒரு நாள். அசதி தீர ஒரு வாரம் ஆயிற்று. அந்தப் பக்கம் போக நினைக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன். பயன்படுமா என்பது எனக்கே சந்தேகம்தான்.

கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒரு ஞாயிறு, கண்டதை வைத்துக் காணாததை முடிவு செய்யும் அனுமானம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பழைய கதை வரும். கண்ணால் காண்பதை மட்டுமே நம்புகிற ஒருவன், இரவில் தெருப் புழுதியில் விரல்களை அழுத்தி ஓநாயின் காலடிகளைப் போல வரிசையாகப் பதித்து வைக்கிறான். காலையில் ஊர்ப் பண்டிதர்கள் கூடி, நேற்றிரவு ஓநாய் வந்துபோயிருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். அவன் மனைவியிடம், "பார், காணாத கடவுளையும் மறுபிறவியையும் இவர்கள் இப்படித்தான் நிரூபிக்கிறார்கள்" என்கிறான். மேடைகளில் ஓநாய் என்றால் பேராசை, மனத்துக்குள் உறுமும் காமம் என்றுதான் சொல்வார்கள். பாம்பையும் தேனீயையும் குருவாகக் கொண்ட துறவிகள்கூட ஓநாயைச் சேர்த்துக்கொண்டதாக நான் படித்ததில்லை. இந்த ஒரு கதையில்தான் அது எந்தக் குணமும் இல்லாமல் வெறும் காலடியாக வருகிறது. அதனால் எனக்கு இது பிடிக்கும்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் காதர் பாய் கோட்டைமேட்டுக்காரர், தோல் வியாபாரி. அவர் கேட்டார்: "ஏனுங்க சார், ஓநாக் காலுக்கும் நாய்க் காலுக்கும் என்னங்க வித்தியாசம்? அந்தப் பண்டிதருங்க எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி.

"வெள்ளகோயிலுக்கு அக்கட்ட ஓநா வருதுன்னு தோலு வாங்கப் போனப்பச் சொன்னாங்க. தெரிஞ்ச பண்ணையம் ஒண்ணு இருக்குது. போறதுன்னா சொல்லுங்க, சொல்லி வெக்கறேன்" என்றவர், எழுந்து போகும்போது, "எங்க மார்க்கத்துல ஒரு கதை இருக்குதுங்க சார். அண்ணமாருக பொறாமைல தம்பியக் கெணத்துல தள்ளிப்போட்டு, ஓநா தின்னுபோச்சுன்னு அப்பங்கிட்டச் சொன்னாங்க. ஓநா பாவம், அந்தப் பக்கமே வரலீங்க" என்று சிரித்தார்.

காலை ஆறு பத்துக்குக் காந்திபுரத்தில் கரூர் பேருந்து ஏறினேன். கட்டணம் பதினான்கு ரூபாய். சூலூர்வரை நின்றுகொண்டே போனேன். அங்கே தறிக்காரர் ஒருவர் இறங்கியதால் இடம் கிடைத்தது. பல்லடம், காங்கயம் வழியாக எண்பத்தாறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு வெள்ளகோயில். காங்கயத்தைத் தாண்டியதும் பச்சை குறைந்துவிடுகிறது. இருபுறமும் கிளுவை வேலி, அதற்குள் காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம். விதைக்காமல் மேய்ச்சலுக்கென்றே வேலி போட்டு விட்டிருக்கும் இந்த நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். அழகென்று சொல்ல முடியாது. கண்ணுக்கு உறுத்தாது என்று சொல்லலாம்.

உள்ளூர் டவுன் பஸ் பத்தரைக்குத்தான். "அத உட்டா ரெண்டு மணிக்குத்தானுங்க பெரியவரே. நெழல்ல உக்காருங்க, நா வந்து கூப்படறேன்" என்றார் நடத்துநர். சொன்னபடி கூப்பிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, எதற்காக வந்தேன் என்று யோசித்தேன். திரும்பும் பேருந்து நான்கு மணிக்குத்தான் என்பதால் நடந்தேன்.

பண்ணையக்காரர் குமாரசாமி ஐம்பது வயதுக்காரர், சத்தமாகப் பேசுபவர். மரியாதைக்குக் குறைவில்லை. இலை போட்டு அரிசியும் பருப்பும் சாதம், நெய், தயிர் என்று உபசரித்தார். கை கழுவிய பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பாய் சொன்னாருங்க, நீங்க ஓநாய் ஆராய்ச்சி பண்றீங்கன்னு. நல்லதாப் போச்சு. என்ற காட்டுல ஒரு மாசத்துல மூணு ஆடு போயிருச்சு. ஆட்டுக்காரன் சவரியப்பன் ஓநா புடிச்சுட்டுதுங்கறான். இந்தப் பக்கம் ஓநாயக் கண்ணுல பாத்து எத்தன வருசமாச்சுங்க! சந்தைக்கு ஓட்டிப்போட்டான்னு ஊரே பேசுது."

நான் ஆராய்ச்சியாளன் அல்ல என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"கோயிலுக்கு வந்து கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்றான்னா, நாங்க வேதக்காரங்க, அதெல்லாம் பண்ண மாட்டமுங்கறான். பைபிளத் தொட்டுச் சத்தியம் பண்றானாமா. அது எங்க சாமிக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானவரு, படிச்சவரு. ராத்திரி காட்டுல தங்கிப் பாருங்க. ஓநாய் வருதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா நா ஒத்துக்கறேன். இல்லீன்னா நாளைக்கே கணக்கத் தீத்து அனுப்பிச்சுபோடுவேன்."

ஓநாயைப் பார்க்க வந்தவன், ஒருவருடைய பிழைப்புக்குச் சாட்சியாகிவிட்டேன். நான்கு மணிப் பேருந்தின் நினைவு வந்தது. மறுக்கவும் துணிவில்லை.

மாலையில் மூவரும் காட்டுக்குப் போனோம். சவரியப்பன் ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஈர மண்ணில் நான்கைந்து காலடிகளைக் காட்டினார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நீளமாக இருந்தன. நாய்க் காலடி எவ்வளவு நீளம் என்று தெரிந்தால்தானே இது நீளமா என்று சொல்ல முடியும்?

பின்னாலிருந்து குமாரசாமி, "அது நாய்க் காலுங்க. இல்லீன்னா இவனே வெரல அழுத்தி வெச்சிருப்பான்" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அந்தக் கதையை அவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. சந்தேகப்படுகிற மனத்துக்குத் தானாகவே தோன்றுகிற எண்ணம் போலிருக்கிறது. சவரியப்பன் தம் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

குமாரசாமி போன பிறகு சவரியப்பனின் மனைவி மேரி சோறு கொண்டுவந்தார். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஓநாயப் பாக்கறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? எங்கூட்டுக்காரரு கூலி வாங்கிட்டுப் பாக்கறாரு, நீங்க காசு குடுத்துப் பாக்க வந்திருக்கீங்க. நல்லா இருக்குதுங்க ஒலகம்!" பிறகு குரலைத் தணித்து, "பாத்தா பாத்தேன்னு சொல்லிப்போடுங்க சாமி. இங்கிருந்து போனா எங்களுக்கு ஊடு இல்லீங்க. இது பண்ணாடி குடுத்த ஊடு" என்றார். பண்ணாடி என்றது குமாரசாமியை.

கயிற்றுக் கட்டிலில், மரத்தடியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்ததாக நினைவில்லை. பட்டிக்குள் செம்மறிகள் இருமிக்கொண்டே இருந்தன. வெளுக்கத் தொடங்கியபோது சவரியப்பன் காட்டின் மறுகோடிக்கு வேலியைப் பார்க்கப் போனார். அவர் போன சிறிது நேரத்தில், அதுவரை குரைத்துக்கொண்டிருந்த பட்டி நாய்கள் இரண்டும் சட்டென்று அடங்கின. இரண்டும் வந்து என் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன.

வேலி வாயிலை அடைத்திருந்த முள் படலுக்கு அப்பால், முப்பது கஜத் தொலைவில், ஒன்று நின்றுகொண்டிருந்தது. கால்கள் நீளம். வால் தொங்கியிருந்தது. காய்ந்த புல்லின் நிறம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, வலது கண்ணில் இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரு கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது என்னைப் பார்க்கவில்லை, ஆடுகளைப் பார்த்தது. அதன் முகத்தில் பேராசை எதுவும் தெரியவில்லை. அலைந்து களைத்த முகமாகத் தோன்றியது. அது என் களைப்பாகவும் இருக்கலாம். பிறகு வேலியோரமாக, அவசரமில்லாமல், ஊர் இருக்கும் திசைக்கு எதிரே ஓடைப் பக்கம் போய்விட்டது. சவரியப்பனைக் கூப்பிடத் தோன்றியபோது அது மறைந்துவிட்டிருந்தது.

ஏழு மணிக்குக் குமாரசாமி மொபெட்டில் வந்தார். மேரி கடுங்காப்பியோடு வந்து நின்றார். நான் கண்டதை ஒழுங்காகச் சொன்னேன்: கால், வால், நிறம், போன திசை, நாய்கள் செய்தது. என் வலது கண்ணையும், வெளிச்சம் போதாததையும், இதற்கு முன் நான் ஓநாயைப் பார்த்ததே இல்லை என்பதையும் சொன்னேன்.

"ஐயா, வக்கீலாட்டப் பேசாதீங்க. ஓநாயா, நாயா?"

சவரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓநாய்" என்றேன்.

"அவ்வளவுதானுங்க. ஒத்துக்கிட்டேன்" என்று குமாரசாமி கையைத் தட்டினார். மேரி சிலுவை போட்டுக்கொண்டார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆனால் பேச்சு முடியவில்லை. "அப்பறம் என்னடா சவரி, ஓநான்னு ஆகிப்போச்சு. கறியில மருந்தக் கலந்து ஓடைப் பக்கம் வெச்சுபோடு. மத்தியானம் மருந்து வாங்கியாரேன்."

நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் சொன்ன ஒரே சொல் விஷத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"மருந்து வேண்டாமுங்க பண்ணாடி" என்றார் சவரியப்பன்.

குமாரசாமி என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஓநா இருக்குதுங்கறான், மருந்து வெய்யின்னா வேண்டாங்கறான். அப்ப இருக்குதா, இல்லியா?"

"மருந்து வைக்க மறுப்பதால் ஓநாய் இல்லை என்று ஆகாதுங்களே" என்றேன். வகுப்பில் பேசுவது போலத்தான் வந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"மருந்த ஓநா தின்னுதோ இல்லியோ, நம்ம நாயிக ரெண்டும் மொதல்ல தின்னுங்க. போன வருசம் அடுத்த காட்டுல அப்படித்தான் ஆச்சு" என்றார் சவரியப்பன்.

குமாரசாமி யோசித்தார். "சரி. நீ சொல்றபடியே ஆகட்டும். ஆனா இனி ஆடு ஒண்ணு கொறஞ்சாலும் உன்ற கூலிலதான் கழிப்பேன். ஐயா முன்னால சொல்லிப்போட்டேன். சம்மதமா?"

"சரிங்க."

"சரிங்கறியா!" மேரி பாய்ந்தார். "ஓநாய்க்கு ஜாமீன் போட்டுட்டு நிக்கறான் பாருங்க இந்த மனுசன்!"

"கத்தாத அம்மணி. நாயிக செத்துப்போனா ராத்திரி எனக்கு யாரு இருக்கறா? நீயா வந்து கொரைப்பே?"

"நாங் கொரைச்சா ஓநா மட்டுமில்ல, நீயும் இந்தப் பக்கம் வர மாட்டே!"

குமாரசாமிகூடச் சிரித்தார். சவரியப்பன் நாய்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே விட்டார்.

திரும்பும் பேருந்தில் நல்ல இடம் கிடைத்தும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காதர் பாய் சொன்ன கதையில் மனிதர் செய்ததை ஓநாய் மேல் போட்டார்கள். இங்கே ஓநாய் செய்ததை மனிதன் மேல் போட இருந்தார்கள், நான் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் கண்டது வேலிக்கு வெளியே நின்ற ஒரு விலங்கை. அது ஆட்டைத் தூக்கியதை நான் காணவில்லை. அந்த இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அனுமானத்தைப் பற்றி அத்தனை ஆண்டுகள் பேசியவன், தேவைப்பட்ட அன்று அதன்மேல் ஏறி நின்று ஒரு சொல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாகத் தூங்கியிருப்பேனா என்றால், அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு காதர் பாய் மறுபடியும் காலடியைப் பற்றிக் கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். இரண்டு மாதம் கழித்து அவர் தோல் வாங்கப் போனபோது சவரியப்பன் அங்கேயேதான் இருந்தாராம். ஓர் ஆடு குறைந்து, கூலியில் கழித்துவிட்டார்களாம். மருந்து வைக்கவில்லையாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாசி, பங்குனியில் விடியற்காலை குளிரும், பத்து மணிக்கு மேல் தாங்காது. தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் வேண்டும். வெள்ளகோயிலில் கடைத்தெரு ஓட்டல்களில் எட்டு ரூபாய்க்குச் சாப்பாடு கிடைக்கும். பத்தரை மணிப் பேருந்தைத் தவறவிட வேண்டாம். எல்லாத் தொலைவையும் எழுதிய நான் ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை, மன்னிக்கவும். எந்த ஊரானாலும் தேநீர்க் கடையில் ஓநாய் உண்டா என்று விசாரிக்காதீர்கள். உண்டு என்று பேச்சு பரவினால் அடுத்தது மருந்துதான். கொரங்காட்டுக்குள் நுழைந்தால் திரும்பும்போது படலை இழுத்துக் கட்டிவிட்டு வாருங்கள். அவற்றில் ஒரு காட்டில், குறைகிற ஆடு ஒவ்வொன்றும் சவரியப்பனின் கூலியில் குறைகிறது.