ரப்பர் பேண்ட் போட்ட போன்

செல்போன் பழுது பார்க்கும் அந்தக் கடையில் திரை மாற்ற அவளை விட்டால் ஆள் கிடையாது. வயது முப்பத்தொன்று. அவள் கையிலிருந்து ஒரு திருகாணி நழுவி யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பொறுமையெல்லாம் விரல்களோடு சரி. ஒருவரைப் பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அதே ஆள் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால் அன்றோடு உறவு முறிந்தது. பிறகு அவளே உட்கார்ந்து அழுவாள். அக்கம்பக்கத்தில் அதற்குக் கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். கொழுப்பாம்! வெந்நீர் கொட்டிய கையில் காற்றுப் பட்டாலும் எரியும். அவள் மனது அப்படி.

மருத்துவர் அதை எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்றார். "ரெண்டு நாட்டுத் தகராறு மாதிரியில்ல இருக்கு" என்றாள் அக்கா. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் போன வருடம் தன் பிறந்தநாளுக்கு வாழ்த்த மறந்த அதே அக்காவுக்கு, "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அனுப்பி, எண்ணை பிளாக் செய்து, எட்டு மாதம் பேசாமல் இருந்தாள். சமாதானமான அன்று அக்கா சொன்னது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுடி."

வாராவாரம் சிகிச்சைக்குப் போகிறாள். கோபம் வந்தால் அரை மணி நேரம் எதையும் அனுப்பாதே என்றார்கள் அங்கே. சும்மா இரு என்றால் இருந்துவிட முடியுமா? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். திரை ஒட்டிய போனுக்குப் பசை காயும்வரை ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் தட்டில் வைப்பது கடை வழக்கம். எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் எடுத்துத் தரமாட்டார்கள். தன் போனையும் அப்படியே கட்டி வைக்க ஆரம்பித்தாள். அக்காவிடமும் அதைச் சொல்லியிருந்தாள்.

அன்று பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்ன அக்கா, ஒரு மணிக்கும் வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. கைவிட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டினாள். 'நீ எனக்கு அக்காவே இல்ல' என்று தட்டினாள். கட்டைவிரல் அனுப்பப் போய், அப்படியே நின்றது. பிறகு ரப்பர் பேண்டை எடுத்தாள். ஒன்றுக்கு மூன்றாகப் போட்டாள். 1.05 என்று சீட்டில் எழுதிச் சொருகி, தட்டில் வைத்துவிட்டு அடுத்த போனைத் திறந்தாள்.

அக்கா வந்தபோது மணி 1.31.

"பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு. போன்ல சார்ஜும் இல்ல" என்றவள் வாசலைத் தாண்டவில்லை. தட்டில் ரப்பர் பேண்டோடு இருந்த தங்கையின் போனைப் பார்த்துவிட்டாள். "அனுப்பிட்டியா?"

"இல்ல. அடிச்சு வெச்சிருக்கேன்."

"அதான் வந்துட்டேனே, பிரிச்சு அழிச்சிடு."

"வந்துட்ட. கோவம் இன்னும் போகலக்கா. இப்பப் பிரிச்சா அனுப்பினாலும் அனுப்பிடுவேன். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

அக்கா உள்ளே வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கையோடு சேர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இதுவரை அந்த அரை மணியைத் தங்கை தனியாகத்தான் கழித்திருக்கிறாள்.

"காஞ்சிடுச்சா?" என்றாள் அக்கா, மணி 1.35 ஆனதும்.

"ம்."

மூன்று ரப்பர் பேண்டையும் கழற்றினாள். போனை அக்கா கையில் கொடுத்தாள்.

"நீயே அழிச்சிடுக்கா."