பஸ் ஸ்ராண்டிலை ஒரு யானைக்காரர்

உம்மடை மருமகளின்ரை கதையை விடும் பரமேசு, ரெலிபோனை வைக்காமல் இதைக் கேளும். போன திங்கட்கிழமை, மொன்றியலுக்குப் போக ரொறன்ரோ பஸ் ஸ்ராண்டிலை நானும் மகளும் இருக்கிறம். எனக்குக் கால் உளையுது. பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கோட்டிலை குத்தியிருக்கிறது யானை! எழுத்துத் தெரியாட்டிலும் கட்சிச் சின்னம் எனக்குத் தெரியுமெல்லோ.

"பிள்ளை, உவர் எங்கடை இலங்கை யானைக் கட்சியடி!"

மகளுக்குச் சிரிப்பு. "இல்லையம்மா, அமெரிக்காவிலையும் யானைக் கட்சி இருக்கு. நாளைக்கு அங்கை சனாதிபதித் தேர்தல்."

"வோட்டுப் போடத்தான் போறாரோ, கேள்."

மனுசன் கையை விரிக்கிறார். தங்கடை ஆள் தோக்கிறது நிச்சயமாம். கட்சிக்காரர் எல்லாருக்கும் அலுத்துப்போச்சாம். பேசாமல் இஞ்சை தன்ரை மகள் வீட்டிலையே நிண்டிடலாமாம்.

"போன தேர்தலுக்கு, சண்டையாலை எங்கடை ஊரிலை வோட்டுப் பெட்டியே வைக்கேல்லை எண்டு சொல்லு. இஞ்சையும் எனக்கு இன்னும் வோட்டில்லை. உவருக்குப் பெட்டி காத்துக்கொண்டு நிக்குது, இருந்து அலுக்கிறார்!"

மகள் சொல்லுறாள். மனுசன் என்னையே பாக்கிறார். அமெரிக்காவுக்குப் போற பபலோ பஸ் வருகுது. பெருமூச்சோடை எழும்பி, பையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையிலை நிக்கிறார்.

எனக்கெண்டால் ஒரே சந்தோசம், புளுகம்! யானைக்கு ஒருநாளும் வோட்டுப் போடாத நான், ஒண்டு போடுவிச்சுப்போட்டன்... ஐயோ, சோறு அடிப்பிடிக்குது, பொறும் வாறன்.