பர்மா ரோட்டுப் பச்சைக் காடிக்கு நாலு டயர்

டயர் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. வழியில் எங்கேயோ நின்றுபோன பிறகுதான் வருகிறார்கள். அதிலும் பழைய காடி வைத்திருப்பவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். முதல் உலகச் சண்டைக்கு முந்திய மோட்டார் காடி. பித்தளை விளக்கு, மரச் சக்கரம், எல்லாம் பளபளவென்று இருக்கும். டயர் மட்டும் எங்கேயும் கிடைக்காது. ஒரு கடையில் கேட்பீர்கள், அவன் அடுத்த கடையைக் காட்டுவான். அடுத்த கடைக்காரன் என்னைக் காட்டுவான்.

முப்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் டயர் கடையில் நான் கிராணியாக இருந்தேன். அளவுப் புத்தகத்தைப் புரட்டுவதும் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலை. டயரைக் கழற்றி மாட்டுவது காதர் அண்ணன். இருபது வருஷமாக அதே வேலையில் இருந்த மனிதர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு காடிக்கு டயர் தேடிய கதை இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

வேண்டாத அச்சு

ஒரு நாள் காலை வேலு என்ற டிரைவர் கடைக்கு நடந்தே வந்தார். ஐம்பது வயதிருக்கும், இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். பர்மா ரோட்டில் காலமான ஜவுளி வியாபாரி ஹாஜியாரின் வீட்டில் வேலை. ஏழு வருஷத்துக்கு முன் பத்து பெரிங்கி என்ற ஊருக்குப் போகும் கடலோர வளைவில் ஹாஜியாரின் பச்சைக் காடி டயர் கழன்று பாறையில் மோதியது. ஹாஜியார் அங்கேயே போய்விட்டார். ஓட்டிய வேலுவுக்கு இடது கால் ஊனமானது. நசுங்கிய முகப்பைச் சரிசெய்ததோடு சரி, அன்றிலிருந்து அந்தக் காடி கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறதாம், சக்கரத்தில் டயரே இல்லாமல். இப்போது மகளுக்குக் கல்யாணம். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் ஊர் மாப்பிள்ளையைப் படகுத்துறையிலிருந்து அத்தாவின் காடியில்தான் அழைத்து வரவேண்டும் என்று வீட்டம்மா பிடிவாதமாக இருந்தார்.

வேலு டயர் அளவைத் துண்டுத் தாளில் எழுதி வந்திருந்தார். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "டயர் மேல எந்த அச்சு வேணும்ண்ணே? கோடு, கட்டம், அம்பு, எல்லாம் வருது," என்றேன். பக்கத்தில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்த காதர் அண்ணனின் கை நின்றது. வேலு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வழவழன்னு இருக்கிறது போதும் தம்பி. அம்பு அச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அது அந்த வீட்டு மணல்ல இப்பவும் தினம் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு."

தவுக்கே வர மறுத்தார்

தாளில் எழுதிய அளவை நம்பி டயர் வரவழைத்தால் என்ன ஆகும் என்று, பட்டவர்களான உங்களுக்கே தெரியும். ரிம்மை நேரில் அளக்க வேண்டும். பெரிய வீடு என்றால் தவுக்கே தானே கிளம்பிவிடுவார். அன்றைக்கு விலாசத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். அந்த மணல் விஷயம் அவர் காதுக்கும் முன்பே வந்திருக்கிறது.

காதர் அண்ணன், "நானும் கிராணியும் போறோம்," என்றார். அவர் முகம் சரியாக இல்லை. தவுக்கே வாசல்வரை வந்து, 'லா' போட்டு முடிக்கும் கடைப் பாஷையில் என்னிடம் சொன்னார்: "டயர் நம்ம சாமான், தடம் அவங்க சாமான். நம்ம சாமானைப் பத்தி மட்டும் பேசிட்டு வா லா."

மதியம் ஒன்றரை மணி

வெயில் கொளுத்தியது. வாசல் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வெள்ளை மணல் பரப்பிய பாதை. தோட்டக்காரர் அப்போதுதான் பெருக்கி முடித்து, விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். மணலில் விளக்குமாற்றுக் கீறல் தவிர ஒன்றுமில்லை. வேலு எங்களை அதன் குறுக்கே கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பின்னால் திரும்பிப் பார்த்தேன்; எங்கள் மூன்று பேர் செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

காடியின் சக்கரங்களை ஒவ்வொன்றாக அளந்தோம். வீட்டுக்குள் பெண்கள் லொஹர் தொழுகையில் இருந்தார்கள். காக்கைகூடக் கத்தவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை, கேட் திறந்த சத்தமும் இல்லை. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை இரண்டு சக்கரத் தடங்கள். அம்பு அச்சு. அந்த அச்சுள்ள டயர், காடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் முனை நீட்டி மணலில் பதியும். எல்லா முனையும் வீட்டைப் பார்த்திருந்தன. எங்கள் செருப்புத் தடங்களின் மேலேயே ஏறிப் போயிருந்தன. என் குதிகால் அச்சை ஓர் அம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு வெயிலில் அந்த மணல் மட்டும் ஈரமாக இருந்தது.

போர்ட்டிகோ தூணருகே ஹாஜியாரின் மனைவி நின்றிருந்தார். வெள்ளை முக்காடு, கையில் தஸ்பீஹ் மணிமாலை. எங்களைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "பார்த்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, கேட் பக்கம் கை நீட்டினார். "வர்ற தடம் மட்டும்தான். போற தடம் ஒரு நாளும் விழுந்ததில்லை."

பழைய டயர் சொன்னது

போகலாம் என்று நான் காதர் அண்ணனின் சட்டையை இழுத்தேன். அவர் அசையவில்லை. "அம்மா, அந்தப் பழைய டயர் இருக்கா?" என்றார். சாமான் அறையில் நாலையும் பூட்டி வைத்திருந்தார்கள். ஏழு வருஷமாக யாரும் தொடவில்லை. வேலு உருட்டி வந்து கொட்டகையில் போட்டார். அப்போதுதான் காதர் அண்ணன், வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அந்த அம்பு டயர்களை மாட்டியது அவர்தான்.

பழைய டயருக்கு உள்ளே கம்பி கிடையாது. உதடு மாதிரி ஒரு ரப்பர் விளிம்பு. அதை ரிம்மின் மடிப்புக்குள் செருகி, பிடிப்பு ஆணிகளை முறுக்கி, காற்றின் பலத்தால்தான் நிறுத்துவது. ஆணியைத் தான் சரியாக முறுக்கவில்லையோ என்று ஏழு வருஷம் தூங்காமல் இருந்திருக்கிறார் மனிதர். கழன்ற டயரின் உதட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஆணி பிடித்த அச்சு ஆழமாக, சுத்தமாக இருந்தது. பிறகு டயரை விரித்து உள்ளே பார்த்தார். துணி அடுக்கு ஒரே வரிசையாகச் சுற்றிலும் நொறுங்கிக் கிடந்தது. காற்றுக் குறைவாக ஓடிய டயர்தான் அப்படி நொறுங்கும். அவர் டயரைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வேலு, காத்து எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

வேலு சுவரைப் பார்த்து நின்றார். "ஹாஜியாருக்கு முதுகு வலி, பாய். 'ரொம்பக் குலுக்குது வேலு, கொஞ்சம் இறக்கு'ன்னார். பாதிக்கு இறக்கிட்டேன். இறக்கினா உதடு நழுவும்னு எனக்குத் தெரியாது." வீட்டம்மா பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த டயரைப் பார்த்தபடி சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதுகுக்கு ஒரு தலகாணி கொடுத்து அனுப்பியிருப்பேனே."

எது வாங்குவது

அந்த ரிம்முக்கு மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு அளவு பொருந்தும். ஒன்று 880க்கு 120, முன்பு போட்டிருந்தது. இன்னொன்று 895க்கு 135, கொஞ்சம் தடியானது. விலை அதிகம், கிடைப்பது அபூர்வம், ஆனால் உள்ளே காற்று அதிகம் கொள்ளும். குலுக்கல் குறையும். பழைய காடிக்காரர்கள் பெரும்பாலும் பழைய அளவையே கேட்பார்கள்; நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். வீட்டம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "முதுகுக்கு எது நல்லது?" என்று மட்டும் கேட்டார். உட்காரப்போவது இருபத்திரண்டு வயது மாப்பிள்ளை. யார் முதுகு என்று நான் கேட்கவில்லை. தடியானதை எழுதிக்கொண்டேன்.

கடிதம் போய், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சாமான் வர ஒரு மாதம் ஆனது. பழுப்புத் தாள் சுற்றி, சுண்ணாம்புத் தூள் மணத்தோடு நாலு வழவழப்பான டயர்கள். காதர் அண்ணன் கொட்டகையிலேயே நாலையும் மாட்டினார், ஒவ்வொரு ஆணியையும் மூன்று தடவை முறுக்கினார். காற்று அடிக்கும் நேரத்தில் உதவிக்கு வேலுவைக் கூப்பிட்டார். வேலு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வண்டியை ஓட்டச் சொல்லுங்க பாய், ஓட்டுறேன். காத்துக் குழாயை மட்டும் என் கையில கொடுக்காதீங்க."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வேலு ஓட்ட, மாப்பிள்ளை மாலையோடு பச்சைக் காடியில் வந்து இறங்கினார். ஒரு டயரும் முணுமுணுக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையைப் பற்றி. புது டயரில் காற்று இறங்குகிறதா என்று பார்க்க, காடியை முதல் நாளே எங்கள் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். ஒரு ராத்தல் அழுத்தம்கூட இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் மதியம் பர்மா ரோட்டுக்குப் போனேன். கிளம்பும்போது காடி கடையில் நின்றது. காதர் அண்ணன் அதன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டேன். காலையில் பெருக்கிய மணலில் இரண்டு தடங்கள் போர்ட்டிகோ வரை போயிருந்தன. அம்பு இல்லை. வழவழவென்று, இஸ்திரி போட்ட நாடா மாதிரி இரண்டு பட்டைகள். விரலை விரித்து அகலத்தை அளந்தேன். தடி டயர்தான். அந்த அளவு டயர் பினாங்குத் தீவில் வேறு எந்தக் காடியிலும் கிடையாது, வரவழைத்தவன் நான். வீட்டம்மா போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் காலி நாற்காலி ஒன்று. அதன் முதுகில் ஒரு தலையணை சாய்த்து வைத்திருந்தது. "காடி கடையிலதானே நிக்குது தம்பி?" என்றார். "ஆமாம்மா," என்றேன். அவர் அந்தத் தடத்தைப் பார்த்து, நான் அவரிடம் அதுவரை காணாத ஒரு சிரிப்புச் சிரித்தார். "பரவாயில்லை. புது டயர் அவருக்குப் பிடிச்சிருக்கு."

இத்தனை வருஷம் டயர் விற்றதில், சாமான் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.