தலை இல்லாத ஆடு

பேத்தி அழித்த ரப்பர் தூள் மேசையெல்லாம் கிடந்தது. ஊதித் தள்ளக் குனிந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், நாலாம் வகுப்பில் நான் அழித்த ஆடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"நாளைக்கு ஆடு வரைஞ்சுட்டு வராதவங்க வெளியதான் நிக்கணும்," என்று டிராயிங் சார் சொல்லியிருந்தார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. தாளில்தான் அது நிற்க மாட்டேன் என்றது. அழித்து அழித்துத் தாளெல்லாம் கிழிந்து, கடைசித் தாள் மிஞ்சியபோது அழுதுவிட்டேன்.

அத்தா தோல் பதனிடும் ஷாப்பு வேலை முடிந்து வந்தார். பள்ளிக்கூடம் போகாத மனுசர். ஆவாரம்பட்டைக் கறை ஏறிய கையால் பென்சிலை வாங்கினார்.

"இதுக்குப் போயி அழலாமாம்மா? நான் தெனம் பாக்குற ஆடுதான," என்று ஒரே இழுப்பில் போட்டார். நாலு காலும் நாலு பக்கம் விரிந்து கிடந்தன. தலை இல்லை. அவர் வரைந்தது காயப்போட்ட தோல். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து, அந்தத் தாளையே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு தாளும் இல்லை.

மறுநாள் சார் அதைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது.

"தலை எங்கம்மா?"

"தலை தோலோட வராது சார்."

வெளியே வெயிலில் நின்றேன். சாயங்காலம் அத்தா ஆசையாகக் கேட்பாரே, என்ன சொல்வது என்றுதான் அழுதேன்.

"ஒரு ஆடு போட்டுக் குடுங்க நன்னி," என்று பேத்தி பென்சிலை நீட்டினாள். போட்டேன். கால்கள் தானாக விரிந்தன. தலையை எங்கே வைப்பதென்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.