ஏழு அடுக்கும் ஒரு கண்ணாடிச் சில்லும்

அந்தத் தெருவில் ஏழடுக்கு அக்கா என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. துண்டும் போர்வையும் தலையணை உறையும் விற்கும் கடையில் மடித்து அடுக்குவது அவர் வேலை. காலையில் அடுக்குவார். வருகிறவர்கள், "அந்த அடியில இருக்கே, அதை எடுங்க" என்பார்கள். உருவி, உதறிக் காட்டுவார். "சும்மா பார்க்கலாம்னுதான்" என்று அவர்கள் நடையைக் கட்டுவார்கள். மாலையில் மறுபடி அடுக்குவார். இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால், எவனும் அடியிலிருந்து உருவ முடியாதபடி எதையாவது அடுக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி வரத்தானே செய்யும்? அக்காவுக்கு அது சமையலறையில் வந்தது.

அந்த வீட்டில் எந்தப் பண்டமும் இன்னொன்றின் பக்கத்தில் உட்காராது, தலையில்தான் உட்காரும். உருளைக்கிழங்கு வில்லைமேல் முட்டை, முட்டைமேல் தக்காளி, தக்காளிமேல் ரொட்டி. "பசிக்குது" என்று கணவர் சொன்னால், "இறுகட்டும், இருங்க" என்பதுதான் பதில். கணவர் சன்னல் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் மேல் ரொட்டியை மட்டும் தனியாக எடுத்துத் தின்றார். அக்கா அதைக் கொள்ளைக்கு நிகரான குற்றமாகக் கருதினார், இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. கரண்டி மேலிருந்து அடிவரை நேராக இறங்க வேண்டும், கலக்கக் கூடாது. விருந்தாளியின் கரண்டி இறங்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் குழி விழும், குழி விழுந்தால் அழகு போகும். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்பது கடைசிவரை கடவுளுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். இங்கே சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமையில் அக்காவுக்கும் தெரியாமல் போனது.

அந்த ஞாயிறு மதியம் தம்பி சாப்பிட வருவதாக இருந்தது. அக்கா வளர்த்த தம்பி. அவன் கல்யாணத்துக்கு அக்கா கட்டிய ஐந்தடுக்குக் கேக், காரில் வரும்போது ஒரு வளைவில் படுத்துவிட்டது. பெண்ணின் அம்மா பல் டாக்டர். வாய்க்குள் ஒளிந்திருப்பதை எல்லாம் சத்தமாகச் சொல்லிப் பழகியவர். "அதுக்கென்ன, ஆளுக்கொரு ஸ்பூன் குடுத்தா ஆச்சு" என்று சிரித்தார். தம்பியும் சிரித்துவிட்டான். அக்கா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு அக்காவும் தம்பியும் பேசவில்லை. இப்போது இரண்டு வருடம் கழித்து, மனைவியோடும் மாமியாரோடும் அவனே வருகிறேன் என்கிறான். இந்த முறை எதுவும் சாயக் கூடாது. சாய்ந்தால் தம்பி போனவன் போனவன்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டார்.

முதல் நாள் உட்கார்ந்து ஏழடுக்குப் புட்டிங் செய்தார். அடியில் பிஸ்கட் தூளும் நொறுக்கிய பாதாமும். அதன்மேல் கஸ்டர்டு, சிவப்பு ஜெல்லி, கிரீம், சாக்லேட், கேக், உச்சியில் மறுபடி கிரீம். ஒவ்வொரு அடுக்கையும் மட்டமாக்க ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. கணவர் கடையில் மிஞ்சிய துண்டில் அறுத்துக் கொடுத்தது. வைத்து அழுத்தினால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று தெரியும். எடுத்தால் கிரீம் ஒட்டிக்கொண்டு வரும். பாத்திரத்தின் விளிம்பில் 'டங்' என்று ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். வேறு எந்த வீட்டிலும் தோசைக் கரண்டியால் முடித்திருப்பார்கள். கண்ணாடிக்காரரைக் கட்டிக்கொண்டதன் வினை.

ஞாயிறு காலை, கழுவாமல் வைத்திருந்த அந்த வட்டத்தைக் குழாயடியில் பிடித்தபோது அக்காவின் விரலில் ஏதோ சுருக்கென்றது. விளிம்பில் ஓர் இடம் பெயர்ந்திருந்தது. போன துண்டு எள்ளைவிடப் பெரிது, அரிசியைவிடச் சிறிது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

கண்ணாடிக்காரர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். தொழில்காரர் முகம் என்று ஒன்று உண்டு, அது வந்தது. "புதுசா சில்லு விட்டிருக்கு. நல்ல கூரா போயிருக்கும்."

"எங்க போயிருக்கும்?"

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை.

சமையலறை மேடையைத் துடைத்தார்கள், தரையைப் பெருக்கினார்கள், துடைத்த துணியை உதறினார்கள், குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். இல்லை. பிறகு கண்ணாடிப் பாத்திரத்தை வெளியே எடுத்து, டார்ச் அடித்து, நான்கு பக்கமும் குனிந்து பார்த்தார்கள். ஜெல்லி மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டது, அதற்குள் ஒன்றுமில்லை. மற்ற ஆறு அடுக்கும் வாயைத் திறக்கவில்லை. ஏழும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அவ்வளவு அழகாக அக்கா இதுவரை எதையும் செய்ததில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "தூக்கிக் கொட்டிட்டு ஐஸ்கிரீம் வாங்கிடலாமா அம்மா?"

"நீ வாய மூடு."

"இல்ல, நீ திறக்கமாட்டேங்கிறியே, அதான்."

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லிடலாம்டி. இப்படி ஆயிடுச்சுன்னு."

"சொன்னா அந்தம்மா சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. தொண்டை கிழியறதைவிடச் சிரிக்கிறது மேல் இல்லையா?"

வாசலில் மணி அடித்தது. பாத்திரம் ஃப்ரிட்ஜுக்குள் போனது. கதவு மூடியது.

தம்பி கொஞ்சம் பருத்திருந்தான். "அக்கா, இளைச்சிட்டியே" என்றான். அது பொய், இருந்தாலும் அக்காவுக்குக் கண் நிறைந்தது. அவன் மனைவி, "அண்ணி, உங்க புட்டிங் பத்தி இவர் வாரம் ஒருதடவையாவது சொல்லிடுவாரு" என்றாள். பல் டாக்டரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அதுக்காகவே காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

சாப்பாடு நடந்தது. யார் என்ன பேசினார்கள் என்று அக்காவுக்கு நினைவில்லை. ஃப்ரிட்ஜ் அவ்வப்போது ஒருமுறை உறுமி அடங்கியது. அதுதான் காதில் விழுந்தது. பரிமாறும் நேரம் வந்ததும் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து நடு மேசையில் வைத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டரம்மாகூட, "அடேங்கப்பா, கை வைக்கவே மனசு வரலையே" என்றார். இரண்டு வருடமாக அக்கா காத்திருந்த சொல் அதுதான். அந்தச் சொல் கிடைத்த பிறகு கண்ணாடியைப் பற்றி எப்படிச் சொல்வது?

பாத்திரம் பெரிது, சில்லு சிறிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டில் போடுமுன் ஒவ்வொரு பங்கையும் நசுக்கிப் பார்க்கலாம்தான், அடுக்கு போய்விடும். மேலிருந்து அடிவரை நேராக இறக்கி, ஐந்து தட்டில் ஐந்து கோபுரம் எடுத்து வைத்தார். கணவரும் மகளும் தங்கள் தட்டை வெடிகுண்டுபோல் பார்த்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மாமா, சாப்பிடலையா?" என்றான் தம்பி.

"சர்க்கரை, மாப்ளே" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

பல் டாக்டரம்மா முதல் வாய் வைத்தார். 'நறுக்' என்றது.

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. பாதாம். தம்பி மனைவி வாயிலிருந்து இன்னொரு நறுக். அதுவும் பாதாம். வாழ்நாளில் முதல்முறையாக அக்கா பாதாம் போட்டதற்காக வருந்தினார். அவர்கள் மென்று தின்னத் தின்ன, ஒவ்வொரு நறுக்குக்கும் அவர் ஒருமுறை செத்துப் பிழைத்தார். கண்ணாடிக்காரர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். அக்கா திருப்பி மிதித்தார்.

தம்பி நாலாவது கரண்டியை வாயில் வைத்து, சட்டென்று நிறுத்தினான். நாக்கால் எதையோ துழாவினான். "என்னமோ மாட்டுச்சே..."

பளாரென்று ஓர் அடி. கரண்டி சுவரில் மோதி விழுந்தது.

"துப்பு! துப்புடா!"

அவன் திகைத்துத் துப்பினான். உள்ளங்கையில் பாதாம் தோல்.

"என்னம்மா இது, சாப்பிடக் கூப்பிட்டுக் கையில அடிக்கிறீங்க?" என்றார் பல் டாக்டரம்மா.

"அதுல கண்ணாடி இருக்கு" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாயிருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது. தம்பி மனைவி கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். பல் டாக்டரம்மா எழுந்து டார்ச்சை வாங்கி, மகளையும் மருமகனையும் வரிசையில் நிறுத்தி, "ஆ... இன்னும் பெரிசா" என்று பார்த்தார். பிறகு கண்ணாடி முன் நின்று தன் வாயையே பார்த்துக்கொண்டார். ரத்தம் இல்லை. "வாயில இல்ல" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

அக்கா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். சல்லடையை வைத்துக் கவிழ்த்தார். பாலும் சர்க்கரையும்கூடக் கலக்க மனம் வராத அந்தக் கை, ஏழு அடுக்கையும் பிசைந்தது. கஸ்டர்டு மஞ்சளும் ஜெல்லிச் சிவப்பும் கலந்து சேற்று நிறமாக வழிந்து ஓடின. ஒவ்வொரு பாதாம் நொறுங்கலையும் விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். எல்லாத் தட்டையும் கொண்டுவரச் சொல்லி அலசினார். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் நின்றார்.

சில்லு இல்லை.

"அப்போ உள்ள விழவே இல்ல போல, அண்ணி" என்றாள் தம்பி மனைவி, நம்பிக்கையோடு.

"இல்லைன்னா இறங்கியிருக்கும்" என்றார் அவள் அம்மா.

தம்பி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றான். "ரெண்டு வருஷம் பேசல. பேச ஆரம்பிச்சதும் கண்ணாடியா அக்கா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. எச்சிலை விழுங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை அக்கா பார்த்தார். "தெரிஞ்சேதான் வச்சியா?" என்று கேட்டான், இம்முறை மெதுவாக.

ஆமாம் என்று அக்கா தலையாட்டினார்.

அக்காவின் மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ரொட்டியும் வாழைப்பழமும் கொடுங்கள், வலித்தாலோ ரத்தம் வந்தாலோ அந்த நிமிடமே கூட்டி வாருங்கள், நாளை வரை யாரையும் தனியாக விடாதீர்கள் என்றார்கள். நாலு மணிக்குக் கிளம்புவதாக இருந்தவர்கள் செருப்பை உள்ளே எடுத்து வைத்தார்கள். தம்பி இந்த வீட்டில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பது அக்காவின் இரண்டு வருட ஆசை. அது இந்த வழியாக நிறைவேறியது.

சாயங்காலம்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தை யாரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவில்லை.

"இன்னொண்ணு தின்னு" என்றார் அக்கா.

"போதும்க்கா. இப்படி என் கழுத்தையே பார்க்காதே. பயமா இருக்கு."

"நீ முழுங்கு. நான் பார்க்கல."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடிக்காரர் ஒன்றுமில்லாத செய்தித்தாளைப் புரட்டினார். பல் டாக்டரம்மா அடிக்கடி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேட்டால் "வாயு" என்றார். தம்பி மனைவி அக்காவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். அக்கா அசையாமல் இருந்தார். ஒரு கணம், எல்லாம் கடந்துவிட்டது என்றுகூட நினைத்தார்.

சமையலறைப் பக்கம் யாரோ இருமினார்கள். நின்றது. மறுபடி, இம்முறை நீளமாக.

அக்கா கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்துபோன தம்பி மட்டும் இல்லை.