நாத்தனார் முடிச்சு

என் நாத்தனார் மலர்க்கொடிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் நடராசன். பதினாறு வயதில் சேலை கட்டிக்கொண்டதற்காக வீட்டை விட்டுத் துரத்தினார்கள். அவளைப் போன்றவர்களுக்கு ஊர் ஒரு பேர் வைத்திருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. பம்பாய்க்குப் போய், எட்டு வருஷம் கழித்துத் திரும்பி, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் தங்கி முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தாள். வீடு அரை மைல்தான். என் மாமியார் காத்தாயி படியேற விடமாட்டார். தெருவில் கண்டால் "டேய் நடராசா" என்பார். அந்த வீட்டுக்குள் ஒருமுறை மகளாக நுழைந்துவிட வேண்டும், மலர்க்கொடி ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

1982 வைகாசியில் எனக்கும் அவள் தம்பி பழனிவேலுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மீதி இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். "எங்க அக்காதான் போடும்" என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். ஜாக்கெட் அளவு வாங்க ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்கு மலர்க்கொடியே வந்தாள். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அவள் குடித்த டம்ளரை அம்மா தனியே கவிழ்த்தபோது சும்மாதான் இருந்தேன். அவளும் பார்த்தாள்.

"முடிச்சு அவுந்துடுமோன்னு பயமா இருக்கு லீலா. சணல் கயித்துல கட்டிக் கட்டிப் பழகிக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

முகூர்த்தத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் முடிச்சு விழுந்தது. அடுத்துக் கழுத்தில் பட்ட விரல்கள் மெத்தென்று இருந்தன. முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டுத் தோல் உரிந்த கை அப்படியா இருக்கும்? திரும்பினால், பழனிவேலின் சித்தப்பா மகள் சுந்தராம்பாள். மாமியாரின் ஏற்பாடு. மலர்க்கொடி பந்தலுக்கு வெளியே நிற்கிறாள். வந்ததே கோபம் எனக்கு! கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"என் நாத்தனார் அங்க நிக்கிறாங்களே, அத்தை?"

"சும்மா இரு புள்ள, நேரம் போவுது."

"போவட்டும். ஒரு முடிச்சு விழுந்தாச்சு, நான் உங்க வூட்டு மருமவ. இனிமே திருப்பி அனுப்ப முடியாது. அவங்களே வந்து போடட்டும்."

மேளக்காரர் பாவம், அடித்துக்கொண்டே இருந்தார். பழனிவேல் எழுந்து போய் அக்காவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். முடிச்சுப் போட்டாள். ஆனால் மாமியார் அவளைச் சாப்பிடக்கூடச் சொல்லவில்லை. அவளும் நிற்காமல் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

ஆடிப்பெருக்கன்று தாலி பிரித்துக் கோர்க்க மாமியார் வீட்டுக்குள் உட்கார்ந்தோம். பழைய கயிறு அவிழ்ந்தால்தானே? பயத்தில் மகராசி ஒவ்வொரு முடிச்சையும் இரட்டையாகப் போட்டு இறுக்கியிருக்கிறாள். மாமியார் ஊசியால் நெம்பினார். சுந்தராம்பாள் பல்லால் இழுத்தாள். தாலிக்கயிற்றில் கத்தரி வைக்கக் கூடாது.

"போட்டவங்களையே கூப்புடுங்க அத்தை" என்றேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஆள் போய்ச் சொல்ல, மலர்க்கொடி வந்தாள். வழக்கம்போல வாசலோடு நின்றாள். "லீலாவ வெளிய வரச் சொல்லும்மா, அவுத்துடறேன்."

தாலியைத் தெருவாசலில் வைத்து அவிழ்ப்பதாவது! மாமியார் என் கழுத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"உள்ள வாடி" என்றார்.

மலர்க்கொடி நகரவில்லை. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று என்னைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான்டி மலரு. வா."

வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். அந்த இரண்டு முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைக்கத் துடைக்க மறுபடி நிறைந்துகொண்டு, அவளுக்குக் கயிறே தெரியவில்லை.