ஒரே பள்ளிக்கூடத்தில் இருவர்

மாலை வகுப்பில் பெரியவர்களுக்கென்று தனி பெஞ்ச் கிடையாது. பகலில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்துபோன அதே பெஞ்சில்தான் நாங்களும் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நான் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். என் பக்கத்தில் இஸ்திரி அக்கா. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளையும் டாக்டர்களின் கோட்டுகளையும் தேய்ப்பது அவர் வேலை. எங்களுக்கு முன்னால் வங்கி வாட்ச்மேன் அண்ணன். அவருடைய முதுகு அகலத்துக்குக் கரும்பலகையில் பாதி மறைந்துவிடும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று இப்படியே மூன்று வருடம் போனது.

அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்கு அடிக்கடி வேலை மாறியதில் பள்ளி கைநழுவிப் போனது. பிறகு கல்யாணம், லாரி ஓட்டும் கணவர், ஒரே மகன். நடுவில் ஒருமுறை தபால் வழியாகப் படிக்கிறேன் என்று ஆரம்பித்து பாதியில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருடைய நாத்தனார், வீட்டு வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் "டாக்டரம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாராம்.

அதனால் இந்த முறை மாலை வகுப்பில் சேர்ந்தது கணவருக்கு மட்டுமே தெரியும். மகனுக்குத் தெரியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாலை வகுப்பு நடந்தது மகன் பகலில் படித்த அதே பள்ளியில்தான். அம்மாவுக்கு எட்டரை வரை வேலை என்று அவன் நினைத்திருந்தான். ஐந்து மணிக்கே இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அக்கா எங்களோடு வந்து உட்காருவார். விளையாடிவிட்டுத் தாமதமாகக் கிளம்பும் பகல் பிள்ளைகள் எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்.

"பெத்த பையன்கிட்ட என்னக்கா ஒளிவுமறைவு?" என்று கேட்டேன்.

"தேறினா நானே சொல்லிக்கறேன் தம்பி. தோத்துட்டா அவனும் சிரிப்பானே."

கடைசி வருடம், அரையாண்டுப் பரீட்சை முடிந்து சில மாதம் கழித்து அது நடந்தது. கணக்கு சார் இரண்டு வகுப்புக்கும் பாடம் எடுப்பவர். அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் வரவில்லை. சாருக்குக் கோபம்.

"பகல் வகுப்புல ஒருத்தன் இருக்கான். நெட்டையா இருப்பான், கொக்குன்னு கூப்பிடுவாங்க. நல்லாப் படிச்சிட்டிருந்தவன்தான். அரையாண்டுப் பரீட்சையில கணக்குல போச்சு. அதுலேர்ந்து ஆளே காணோம். குடுத்த நம்பருக்குப் போன் போட்டா எடுக்கறதே இல்ல. இனிமே தலைகீழா நின்னாலும் இந்த வருஷம் அவன் பரீட்சை எழுத முடியாது. உங்களுக்கும் அந்தக் கதி வேணாம்னுதான் சொல்றேன்."

அக்காவின் பேனா நின்றது. திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல" என்றார். வகுப்பு முடியும்வரை அசையவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். "அந்தக் கொக்கு என் பையன்தான் தம்பி. தினமும் காலையில குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிட்டுப் போறான். சாயங்காலம் வந்து இன்னிக்கு சார் அதைச் சொன்னாரு, இதைச் சொன்னாருன்னு கதை சொல்றான். நேத்துகூடச் சிரிச்சிட்டே சொன்னான்."

"போன் நம்பர்?"

"அவன் நம்பரைத்தான் குடுத்திருந்தோம். என் போனுக்கு வேலை நேரத்துல அனுமதி இல்லையே."

"நேரா வீட்டுக்குப் போய் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்னு அவன் கேட்டா?"

அவன் பொய்யைப் பிடிக்க வேண்டுமென்றால் அக்கா தன்னுடைய பொய்யை முதலில் எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பள்ளியில் அப்போது மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அக்கா பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஸ்கூல்ல பெயிண்ட் அடிக்கிறாங்களாமே?"

ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான். "ஆமாம்மா. ஒரே நாத்தம்."

"என்ன கலரு?"

"வெள்ளை."

அக்கா தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவருடைய சட்டைக் கையின் விளிம்பில் பள்ளிக் கைப்பிடியின் பச்சை ஒட்டியிருந்தது. அவன் பார்த்தானா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகன் பின்னாலேயே போனார். அவன் பள்ளிக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான். கெட்ட சகவாசமோ, போதையோ, எவன் வீட்டு மாடியோ என்று அக்காவின் மனம் கண்டபடி ஓடியது. பஸ் கடைசியாக நிற்குமிடத்தில், பயணிகள் காத்திருக்கும் பெரிய கூடத்தில் போய் உட்கார்ந்தான். கடைசி நாற்காலி. பையை மடியில் வைத்துக்கொண்டான். யாரும் வரவில்லை. எங்கும் போகவில்லை. பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து மணிக்கெல்லாம் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். அதற்குமேல் தாங்கவில்லை. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவன் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"சாப்பிடு" என்றார். "சாப்பிட்டுப் பேசலாம்."

"யாரு சொன்னாங்க?"

"கணக்கு சார்."

"அவரை நீ எங்க பாத்த?"

அக்கா கைப்பையிலிருந்து பள்ளி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவன் அதில் அம்மாவின் படத்தையும் பள்ளியின் முத்திரையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா என்கிட்ட பொய் சொன்னியா?" குரல் உயர்ந்ததில் எதிர் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண் விழித்துப் பார்த்தார்.

"ஆமா. சொன்னேன். தப்புதான். நீ ஏண்டா ஸ்கூலுக்குப் போகல?"

டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னான். "மார்க் குடுத்த அன்னிக்கு மனசு சரியில்லன்னு போகல. அடுத்த நாள் போனா ஏன் வரலன்னு கேப்பாங்க. அதனால அன்னிக்கும் போகல. அதுக்கடுத்த நாள் ரெண்டு நாளுக்குச் சேத்துக் கேப்பாங்க. அப்படியே போயிடுச்சும்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

அக்கா தலைமையாசிரியரைப் பார்த்துக் கெஞ்சினார். கணக்கு சாரும் கூடவே போய்ப் பேசினார். வருகை போதாது, விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பரீட்சை எழுதினார், மகன் எழுதவில்லை. பரீட்சை நாட்களில் காலையில் எழுந்து அம்மாவுக்குப் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தானாம். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. லாரியிலிருந்து இறங்கி வந்த அப்பா ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் மறுபடி லாரி ஏறிவிட்டார்.

பரீட்சைகள் எல்லாம் முடிந்தபிறகு பிரிவு விழா நடந்தது. அந்த வருடம் பகல் வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் சேர்த்தே நடத்தினார்கள். ஒவ்வொரு வகுப்பின் சார்பிலும் ஒருவர் பேச வேண்டும். நாங்கள் ஒருமனதாக அக்காவைச் சொன்னோம். எங்களில் இரண்டு வாக்கியத்தை ஒழுங்காகக் கோத்துப் பேசத் தெரிந்தவர் அவர்தான்.

மகனும் வந்தான். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மேடையோரத்தில் எங்களோடு நின்ற அக்காவின் கண் அங்கேயே இருந்தது.

பகல் வகுப்புப் பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் பழைய படங்களைக் காட்டினார்கள். ஆறாம் வகுப்பில் எடுத்த படம். முன்பல் இல்லாமல் ஒரு நெட்டைப் பயல் இளித்துக்கொண்டு நின்றான். "கொக்கு, கொக்கு" என்று ஒரே கூச்சல். அடுத்தது விளையாட்டுப் போட்டி, அதிலும் அவன். மழையில் நனைந்த சுற்றுலா, அதிலும் அவன், யாருடைய தோளிலோ கைபோட்டபடி. பிறகு கடைசி வருடப் படம் வந்தது. எல்லோரும் இருந்தார்கள், அவன் மட்டும் இல்லை. கூச்சல் தானாக அடங்கியது. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ஒருவர் பார்க்க, இன்னொருவர், பிறகு வரிசை வரிசையாக.

நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறந்து மூடியது.

விளக்கு எரிந்தது. "அடுத்து, மாலை வகுப்பின் சார்பில்" என்று ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரைச் சொன்னார்கள். அக்கா கதவைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிறகு என் முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

"தம்பி, நீ பேசு."

எனக்குக் கடையில்தான் வாய் ஓயாது. மைக்கைப் பிடித்தாகிவிட்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று பெஞ்சில் ஆரம்பித்தேன். முதல் நாள் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்ததும் பெஞ்ச் மறுபக்கம் தூக்கி நான் கீழே விழுந்ததைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். மழை நாளில் கரண்ட் போய், போன் வெளிச்சத்தில் கணக்கு சார் பாடம் நடத்தியதைச் சொன்னேன். "சார் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தப்ப அவர் தலையில அடர்த்தியா முடி இருந்துச்சு. இப்பப் பாருங்க. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், அது வயசுல கொட்டினது இல்ல, எங்களால கொட்டினது" என்றேன். கூட்டம் சிரித்தது. என் கண் கதவிலேயே இருந்தது.

வெளியே நடந்ததை அக்கா பிற்பாடு சொன்னார். மகன் தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தானாம், கழுவி முடித்த பிறகும். ஒலிபெருக்கியின் சத்தம் அங்கேயும் கேட்டது.

"நீ ஏம்மா வந்த? போய்ப் பேசு."

"அப்புறம் பேசிக்கலாம்."

உள்ளே நான் வாட்ச்மேன் அண்ணனின் குறட்டையை மைக்கில் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது?"

"என் பெஞ்ச்ல உக்கார்றவரு."

அவன் ஈர முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "உன் பேச்சையே கெடுத்துட்டிருக்காரு. போம்மா."

"உன்னப் பத்திப் பேசலாமா?"

யோசித்தான். "பேரு சொல்லாத."

கதவு திறந்தது. அக்கா முன்னால் வந்தார். அவன் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றான், உட்காரவில்லை. நான் பாதி வாக்கியத்தில் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

எழுதி வைத்திருந்ததை அக்கா படிக்கவில்லை. "மூணு வருஷம் என் பையனுக்குத் தெரியாம இங்க படிச்சேன். தோத்துடுவேன்னு பயம். எங்க வகுப்புல எல்லாருமே ஒருமுறை பாதியில விட்டவங்க. நாங்க லீவு போட்டுட்டு வந்தா இவங்க யாருமே ஏன் வரலன்னு கேட்டதில்ல. நகந்து இடம் விடுவாங்க. அதனாலதான் முடிச்சேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "உங்களோட இன்னிக்கு முடிக்க வேண்டிய ஒருத்தன் முடிக்கல. அவனைப் பாத்தா ஏன்னு கேக்காதீங்க. வாடான்னு கூப்பிடுங்க. அது போதும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் குடித்து முடித்த தண்ணீர் டம்ளரை மறுபடி வாயில் வைத்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா அதிகம் பேசிவிட்டாரோ என்று எனக்கே பட்டது.

அப்புறம் வெளியே வகுப்பு வகுப்பாகப் படம் எடுத்தார்கள். பகல் வகுப்பிலிருந்து ஒருவன், "டேய் கொக்கு, வாடா" என்றான். மகன் வரவில்லை என்று தலையசைத்தான். அவர்களும் வற்புறுத்தவில்லை. படம் எடுத்து முடிந்ததும் இரண்டு பேர் அவனிடம் வந்து என்னவோ பேசினார்கள். மூவருமாகக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அக்கா பின்னால் போகவில்லை.

அக்கா தேறிவிட்டார். கணக்கில் மயிரிழையில் தப்பினார். நான் ஆங்கிலத்தில் விழுந்து, திரும்ப எழுதித்தான் தேறினேன். பகலில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று மகன் அடுத்த வருடம் மாலை வகுப்பில் சேர்ந்தான். பகலில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. மாலை வகுப்புக்கும் நடுவில் ஒருமுறை ஒரு வாரம் போகாமல் இருந்திருக்கிறான். ஆனால் அந்த முறை முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நான் போகலம்மா" என்று சொன்னானாம். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. சோற்றைப் போட்டார். அடுத்த வாரம் அவனாகவே போனான்.